இட்டேரியும் ஏரிக்கரையும்: ராசிபுரம் வட்டாரத்துச் சைக்கிள் தடங்கள்

ராசிபுரம் வட்டாரத்தின் தார் போடாத பாதைகளில் மூத்தது இட்டேரி. இரண்டு பக்கமும் தோட்டத்து வேலி, நடுவில் ஒரு கட்டைவண்டி போகும் அகலம், அதில் சக்கரம் அரைத்த இரண்டு தடங்கள், தடங்களுக்கு இடையே புல் முளைத்த மேடு. இதைத் தவிர ஏரிக்கரை மேல் போகும் மண்தடம் உண்டு. மலையடிவாரத்தில் ஆடு மாடுகளும் விறகுக்காரர்களும் நடந்து நடந்து உண்டாக்கிய கொடித்தடம் உண்டு. கிராவல் கொட்டி உருளை ஓட்டிய ஊராட்சிச் சாலையும் உண்டு. 1970களின் கடைசியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை இந்தப் பக்கம் வளர்ந்த பையன்கள் சைக்கிள் பழகியதும், பள்ளிக்கூடம் போனதும், சந்தைக்குச் சுமை ஏற்றியதும் இவற்றின் மேல்தான். தார்ச்சாலை பேருந்துக்கும் லாரிக்கும் உரியது. சைக்கிள்காரர்கள் அதைக் குறுக்கே கடப்பார்கள், அல்லது அதன் ஓரத்து மண்ணில் போவார்கள்.

நிலத்தின் அமைப்பு இந்தப் பாதைகளுக்கு இசைவானது. ஊருக்குக் கிழக்கே போதமலை, தென்கிழக்கே கொல்லிமலை, வடமேற்கே அலவாய்மலை. இவற்றுக்கு இடைப்பட்ட சமவெளியில் அங்கங்கே கரடுகள். எந்த இட்டேரியில் புகுந்தாலும், வேலி மறைக்காத ஒரு திருப்பத்தில் ஏதாவதொரு மலை தெரியும். அதை வைத்துத் திசையைச் சொல்லிவிடலாம். மண் பெரும்பாலும் செம்மண், அதில் வெள்ளைக்கல் துண்டுகள். சில இடங்களில் சுக்கான்கல் மேலே வந்து கிடக்கும். அப்போது இது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1 அன்றுதான்.

இட்டேரியின் வேலி கிளுவையால் ஆனது. கிளுவைக்கொம்பை வெட்டி நட்டால் தழைத்துவிடும். அதன் ஊடே கள்ளி, சங்கஞ்செடி, பிரண்டை, கோவைக்கொடி எல்லாம் தாமாக ஏறிக்கொள்ளும். இடையிடையே பனை. பல இட்டேரிகள் இரண்டு பக்கத்துக் காடுகளையும்விடத் தாழ்ந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. இரும்புப் பட்டா போட்ட வண்டிச் சக்கரம் கல்லையும் மண்ணையும் பொடியாக்கும். ஐப்பசி கார்த்திகை மழை அந்தப் பொடியை அடித்துக்கொண்டு போகும். மறு கோடையில் சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கும். இப்படிப் பல தலைமுறை நடந்தால் பாதையே ஓடையாகிவிடுகிறது. மழைக்காலத்தில் இட்டேரியில் தண்ணீர் போவதும், வெயில் காலத்தில் அதே இடத்தில் கணுக்காலளவு மணல் சேர்ந்து கிடப்பதும் இதனால்தான். சைக்கிள்காரருக்கு மணல்தான் எதிரி. முன்சக்கரம் புதைந்ததும் ஹேண்டில்பார் ஒரு பக்கம் மடங்கும். மணல் வரும் இடங்களை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு முன்பே இறங்கித் தள்ளுவதுதான் வழக்கம்.

எதிரே வண்டி வந்தால் சைக்கிள்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் கிடையாது. சைக்கிளைத் தூக்கி வேலியோடு சாய்த்து, முள்ளில் முதுகு படாமல் நிற்க வேண்டும். மாடு உரசிக்கொண்டு போகும். ரப்பர் டயர் போட்ட வண்டிகள் பரவியபோது பாதையின் தன்மையே மாறியது. பட்டாச் சக்கரம் மண்ணைக் கிழித்தது. டயர் அதை அமுக்கிக் கெட்டியாக்கியது. டயர் வண்டித் தடத்தில் ஓட்டுவது சுகம் என்று அந்தக் காலத்தில் சைக்கிள் மிதித்த எவரும் சொல்வார். அதன் பிறகு வந்த டிராக்டர் இந்தச் சுகத்தைக் கெடுத்தது. அதன் பெரிய சக்கரப் பற்கள் ஈரத்தில் பதித்த அச்சு காய்ந்து கட்டியாகிவிடும். அதன்மேல் மிதிக்கும்போது பேசவே முடியாது, நாக்கைக் கடித்துக்கொள்ள நேரும்.

ஓடிய சைக்கிள்கள் எல்லாம் ஒரே அச்சு. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, லூதியானாவின் ஹீரோ, சோனிபட்டின் அட்லஸ், வசதியுள்ள வீடுகளில் பழைய ராலே. பெயர் வேறாக இருந்தாலும் எல்லாம் ஆங்கிலேயர் காலத்து ரோட்ஸ்டர் வார்ப்புதான்: இருபது கிலோ அளவு எடை, கம்பி பிரேக்கு, கியர் இல்லை, பின்னால் சுமைக் கேரியர். இன்று கரடுமுரடான பாதைக்கென்று தனியாகத் தயாரித்து விற்கும் கிராவல் பைக்கின் டயர் அகலம் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர். தெருவோரப் பஞ்சர் கடையில் ‘இருபத்தெட்டு ஒன்றரை’ என்று கேட்டு வாங்கிய அந்தக் காலத்து டயரின் அகலம் 40 மில்லிமீட்டர். அதன் ரிம்மின் விட்டம் 635, கிராவல் பைக்கினுடையது 622. சட்டத்தின் எடையும் பிரேக்கும் கியரும் மாறியிருக்கின்றன. மண்ணைத் தொடும் பாகம் ஏறக்குறைய அதேதான். ஆங்கிலேயர் அந்த டயரை வகுத்தபோது அவர்கள் நாட்டுச் சாலைகளும் தார் காணாதவையாகவே இருந்தன.

சொந்தச் சைக்கிள் இல்லாதவர்களுக்கு வாடகைக் கடை. மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதியிருக்கும். கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் குறித்துக்கொள்வார். சின்னப் பையன்களுக்குத் தெரிந்தவர் யாராவது ஜாமீன் நிற்க வேண்டும். கால் எட்டாதவர்கள் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் அடித்தார்கள். இட்டேரியில் குரங்கு பெடல் பழகுவதில் ஒரு வசதி: விழுந்தால் மணல். ஒரு வசதிக்கேடு: மணலைத் தாண்டினால் கிளுவை முள். கடைக்காரருக்கு இன்னொரு வருமானம் கோட்டம் எடுப்பது. கல்லில் ஏறி இறங்கிய ரிம் நெளிந்துவிடும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஒரு சாக்கட்டியை ரிம்முக்கு அருகே பிடித்து, கோடு விழும் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பியை முறுக்கித் தளர்த்தி நேராக்குவார்கள். ஓவராயிலிங் என்ற பெயரில் வருடத்துக்கு ஒருமுறை முழு வண்டியையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவார்கள். பால்ரசுக்குள் நுழைந்த செம்மண் அந்த மண்ணெண்ணெயைத் துருநிறமாக்குவதைப் பார்த்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருந்தது, இதை எழுதுபவருக்கு விடுமுறைக் காலத்தின் முக்கியமான பொழுதுபோக்கு.

மேற்குப் பக்கத்துத் தடம் வெண்ணந்தூருக்குப் போவது. ராசிபுரத்திலிருந்து கிளம்பி, சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, அலவாய்மலையை நோக்கிப் போனால், தறிச் சத்தம் எங்கே கேட்கத் தொடங்குகிறதோ அங்கே வெண்ணந்தூர் வந்துவிட்டது என்று பொருள். பாவு நூல் மூட்டையைக் கேரியரில் கட்டியவர்களும் நெய்த துணியைத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களும் இந்தப் பாதையில் எந்த நேரமும் இருந்தார்கள். நூல் மூட்டை கனமில்லை, ஆனால் அகலம்; வேலி முள்ளில் மாட்டிவிடக் கூடாது. அதனால் அவர்கள் இட்டேரியை விட்டு ஏரிக்கரையைப் பிடித்தார்கள். வெண்ணந்தூர் ஏரிக்கரையும், அதற்கு அப்பால் மதியம்பட்டிப் பக்கம் திருமணிமுத்தாற்றை ஒட்டிய தடமும் இந்த வட்டாரத்திலேயே மிதிப்பதற்கு மிகவும் சமதளமானவை. கரை என்பது ஏற்கெனவே மேடு, தண்ணீர் தேங்காது, மண்ணை மிதித்து இறுக்கியிருப்பார்கள். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரத்தின் நடுவே வந்து, இந்தப் பக்கமாகக் காவிரிக்குப் போகிறது. நகரத்துக் கழிவும் சாயமும் கலந்து, மழைக்காலத்தில் தடுப்பணைகளில் வெள்ளை நுரை பொங்கி நிற்பது வழக்கமாகிவிட்டது. ஆற்றோரத் தடத்தில் இன்று போகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. ஆட்டையாம்பட்டி வரை போனால் கைமுறுக்கு உண்டு.

கிழக்குத் தடம்தான் இவற்றில் உயர்ந்தது. போதமலையின் அடிவாரத்தில் பட்டணம், புதுப்பட்டி, வடுகம் ஆகிய ஊர்களைத் தொட்டு நாமகிரிப்பேட்டை வழியாக மெட்டாலா வரை, தார்ச்சாலையைப் பெரும்பாலும் தவிர்த்தே போக முடிந்தது. இடதுபுறம் மலை கூடவே வரும். இந்தப் பக்கத்துப் பயிர் மஞ்சளும் குச்சிக்கிழங்கும். தை மாசியில் மஞ்சள் வெட்டி வேகவைக்கும்போது அந்த மணம் தோட்டம் தோட்டமாகத் தொடரும். கொப்பரைக்கு அடியில் எரியும் மஞ்சள் தழையின் புகையும் கலந்திருக்கும். பிறகு களத்தில் காயவைத்து, மெருகேற்றி, மூட்டை பிடித்து நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். குச்சிக்கிழங்கின் மணம் வேறு மாதிரி. கிழங்கை அரைத்து மாவு தெளியவைக்கும் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் தண்ணீர் புளித்து நாறும். அது இட்டேரியில் இறங்கிவிட்டால் அந்தப் பாதை நாள்கணக்கில் ஆகாது. ஆலைகளின் காயவைக்கும் களங்கள் வெள்ளைவெளேரென்று இருக்கும். நடுப்பகலில் அந்தப் பக்கம் பார்க்காமல் மிதிப்பதே கண்ணுக்கு நல்லது. சேலத்தில் 1981இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் ஏற்பட்ட பின் இந்தத் தொழில் இன்னும் விரிந்தது. கிழங்கு லாரிகளுக்காகவே பல இட்டேரிகள் அகலமாகி, கிராவல் கண்டன.

போதமலையின் மேல் கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். அங்கே நெடுங்காலம் வண்டிப்பாதையே இல்லை. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அந்தப் படம் நாளிதழில் வந்தது. மலைக்காரர்கள் சிலர் வடுகத்திலோ புதுப்பட்டியிலோ தெரிந்த வீட்டில் சைக்கிளை நிறுத்தி வைத்திருப்பார்கள். நடந்து இறங்கி, அங்கிருந்து மிதித்து ராசிபுரம் வந்து, பொருள் வாங்கி, திரும்ப அதே வீட்டில் சைக்கிளை விட்டுவிட்டுத் தலைச்சுமையோடு ஏறுவார்கள். மலைக்குச் சாலை போடும் பணி அண்மை ஆண்டுகளில்தான் தொடங்கியது.

மெட்டாலாவுக்கு மேல் தடம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கணவாயைத் தாண்டி மல்லியகரை, ஆத்தூர் பக்கம் போகும் சாலை. மற்றது முள்ளுக்குறிச்சிப் பக்கம், கொல்லிமலையின் வடக்கு அடிவாரத்துக்கு. மெட்டாலா ஆஞ்சநேயர் கோவிலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதே பள்ளிக்கூடப் பையன்களின் எல்லை. குரங்குகள் கேரியரில் மாட்டியிருக்கும் பையைக் குறிவைக்கும். திரும்பும்போது நிலம் மெல்லச் சரிவதால் மிதிப்பு குறைவு, மாலைக்காற்று மட்டும் எதிர்த்து நிற்கும்.

தெற்குத் தடத்துக்குச் சிங்களாந்தபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி என்று ஊர்கள் வரிசை. சனிக்கிழமை கூடும் பேளுக்குறிச்சிச் சந்தை கோடையில் மளிகைக்குப் பெயர்போனது. வருடத்துக்கு வேண்டிய மல்லி, சீரகம், மிளகு வாங்க வெளியூர்க்காரர்களும் வருவார்கள். சந்தை நாளில் இந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது ஆட்டுக்கும் சாக்குமூட்டைக்கும் நடுவே வழி தேடுவதுதான். காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் காரவள்ளியில் கொல்லிமலை ஏற்றம் தொடங்குகிறது: மலைமேல் இருக்கும் செம்மேட்டுப் பக்கம் போக 70 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர்ச் சைக்கிள்காரர்கள் இந்த வட்டாரத்துக்கு வருவதே இந்த வளைவுகளுக்காகத்தான். அந்தக் காலத்தில் கியரில்லாத சைக்கிளில் அதை ஏறுவார் இல்லை. பேருந்தின் மேலே சைக்கிளைக் கட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இறக்கத்தை மட்டும் மிதிக்காமலே வருகிற துணிச்சல்காரர்கள் உண்டு. கீழே வந்து சேரும்போது பிரேக்குக் கட்டை தேய்ந்து புகை வாடை அடிக்கும். வளைவுகளின் புகழைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது தார்ச்சாலை, வண்டி நெரிசல் உள்ள சாலை. மண்ணில் மிதிக்க விரும்புகிறவருக்கு மலையின் மேலே போவதைவிட மலையின் காலடியில் போவதே மேல்.

இப்படிப்பட்ட பாதைகளைத் தேடிச் சைக்கிளில் போவது பிரான்சு நாட்டில் ஒரு பண்பாடாகவே வளர்ந்திருக்கிறது. துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் வரை சுமார் 240 கிலோமீட்டர் ஓடும் ‘மிதி’ (Canal du Midi) என்ற கால்வாய் 1681இல் திறக்கப்பட்டது. கரையில் குதிரை நடந்து படகை இழுத்த தடம்தான் இன்று சைக்கிள் பாதை. நம் ஏரிக்கரைத் தடம் மிதிப்பதற்கு ஏன் நன்றாக இருக்கிறதோ அதே காரணத்தால்தான் அதுவும் நன்றாக இருக்கிறது. ஷாம்பெய்ன் வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே போகும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பாதைகள், டிராக்டருக்காகப் போட்டவை. 2024ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் ஒன்பதாம் நாள் ஓட்டம் துருவா நகரைச் சுற்றி நடந்தபோது, 14 துண்டுகளாக மொத்தம் 32 கிலோமீட்டர் இந்த வெள்ளைத் தடத்தில் வீரர்களை ஓடவிட்டார்கள். தூசியில் முகம் தெரியாமல் வந்து சேர்ந்தார்கள். சுண்ணாம்புக்கல் தூள் ஈரம் பட்டு உலரும்போது தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும். ராசிபுரம் பக்கம் சுக்கான்கல் விரவிய துண்டுகளும் அப்படித்தான்; மழை விட்ட மறுநாள் முதலில் மிதிக்கத் தோதாவது அந்த வெளுத்த இடங்களே. வெறும் செம்மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தையே சுற்றவிடாது. அப்போது குச்சி ஒடித்து நோண்டுவதைத் தவிர வழியில்லை.

தொலைதூரச் சைக்கிள் ஓட்டத்துக்கு விதி வகுத்ததும் பிரான்சு. பாரிசின் ஆடாக்ஸ் சங்கம் வகுத்த முறைப்படி 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த ஓட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன, பெரும்பாலும் நெடுஞ்சாலைகளில். வழவழப்பான நான்குவழிச் சாலையில் ஆண்டகளூர்கேட்டைத் தாண்டிப் போகிறவருக்கு, பாலத்துக்கு அடியில் கிளைத்துப் போகும் மண்தடங்கள் கண்ணில் படுவதில்லை. வேகம் கணக்கிடும் விளையாட்டில் அது இயல்புதான்.

பெண்கள் இந்தத் தடங்களில் சைக்கிள் மிதித்தது தாமதமாகத்தான். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, ராசிபுரம் பக்கத்துக் கிராமங்களில் பெரிய பெண் சைக்கிள் ஏறினால் திண்ணையில் பேச்சாகும். 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-06இல் மற்றவர்களுக்கும் விரிவாக்கியது. அதன் பிறகு காலை எட்டரை மணிக்கு இட்டேரியில் எதிர்ப்படுவது பெரும்பாலும் சீருடை அணிந்த பிள்ளைகளின் வரிசைதான். பேச்சு நின்றுபோனது. பாருக்குப் பதில் தாழ்ந்த சட்டம் உள்ள அந்தச் சைக்கிள்கள் பள்ளி முடிந்த பின் வீட்டில் அம்மாவுக்குப் பயன்பட்டதும், புல்லுக்கட்டு ஏற்றியதும் அரசு எதிர்பார்த்திருக்காத பலன்.

பாதைகள் மாறியதற்குக் காரணங்கள் பல. 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் சிற்றூர்களுக்குத் தார் கொண்டுவந்தது. நூறு நாள் வேலையில் ஏரிக்கரைகளும் மண்சாலைகளும் செப்பமாயின. இது சைக்கிளுக்கு நன்மை. ஆனால் ஜேசிபி வந்த பின் இட்டேரியை அகலப்படுத்துவது ஒரு பகல் வேலையாகிவிட்டது. வேலி போய்விடும், கல்தூணும் கம்பியும் வரும். கிளுவை நிழல் போன இடத்தில் சீமைக்கருவேல் முளைக்கும். அதன் முள் டியூபுக்குள் நேராக இறங்கும். நெருஞ்சி பஞ்சராக்கினால் ஒட்டுப்போடலாம். கருவேல் முள் இரண்டு பக்கமும் துளைத்துவிடும். கரடுகளில் கல்குவாரிகள் பெருகியபின் டிப்பர் லாரிகள் கிராவல் சாலைகளை அலை அலையாக ஆக்கிவிட்டன. 2013இல் சேலம் - கரூர் ரயில் பாதை திறந்தபோது சில பழைய தடங்கள் தண்டவாளத்தில் முட்டி நின்றன. சுரங்கப்பாதை வழியாகச் சுற்ற வேண்டும், மழைக்காலத்தில் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.

இன்று இந்தப் பக்கம் மண்தடத்தில் போக விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வருவாய்த்துறையின் கிராம வரைபடம். அதில் வண்டிப்பாதை என்று குறித்திருப்பது புறம்போக்கு, யாரும் போகலாம். குறிக்காத தடம் பட்டாக் காட்டில் போவது. தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது முறை. கேட்டால் இல்லையென்று சொல்கிறவர் குறைவு, இளநீர் வெட்டிக் கொடுப்பவரும் உண்டு. போதமலை, கொல்லிமலைச் சரிவுகள் காப்புக்காடு. அடிவாரத்துக் கொடித்தடங்களில் வனத்துறை எல்லைக்கல் தாண்டினால் அனுமதி வேண்டும். மார்கழி, தை, மாசி ஏற்ற காலம். பங்குனிக்கு மேல் காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அறுவடைக் காலத்தில் சோளமும் கொள்ளும் சாலையிலேயே பரப்பியிருக்கும்; கொள்ளுச்செடியின் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். ட்யூப்லெஸ் டயரில் முள்ளடைக்கும் திரவம் ஊற்றிக்கொள்வதும், காற்றை 35 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துக்கொள்வதும் நல்லது. தோட்டத்து நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கக் கூடாது. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவே வைத்துக்கொண்டு நடந்தால், வேலி முடிகிற இடத்தில் அது தானாக நின்றுவிடும்.